உண்மை சொன்ன இருவர்

போலீஸ் வண்டியை நிறுத்தினால் மறைக்காமல் உண்மையைச் சொல், வம்பு வராது என்பார்கள். அமெரிக்காவில் அப்படிச் சொன்ன இரண்டு கறுப்பினத்தவரை ஒப்பிட்டால் இந்த அறிவுரையில் ஒரு பாதி விடுபட்டிருப்பது தெரியும்.

2015 ஜூலை 10. தான் படித்த பல்கலைக்கழகத்திலேயே வேலை கிடைத்து டெக்சாஸின் பிரெய்ரி வியூவுக்கு வந்திருந்தார் 28 வயது சாண்ட்ரா பிளாண்ட். இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறினார் என்று காரை நிறுத்திய காவலர், எரிச்சலாக இருக்கிறீர்களே என்று கேட்டார். ஆமாம், வேகமாகப் பின்னால் வந்த உங்களுக்கு வழிவிடத்தான் ஒதுங்கினேன், அதற்கா தண்டனை என்றார் பிளாண்ட். கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார். ஆனால் பேச்சு அங்கிருந்து சிகரெட்டை அணைக்கும் உத்தரவுக்குத் தாவியது. என் காருக்குள் இருக்கிறேன், ஏன் அணைக்க வேண்டும் என்று கேட்டதும், இறங்கச் சொல்லி டேசர் என்ற மின்அதிர்ச்சித் துப்பாக்கியை நீட்டிக் கைது செய்தார்கள். ஜூலை 13 அன்று சிறை அறையில் இறந்துகிடந்தார். தற்கொலை என்றது பிரேதப் பரிசோதனை.

2016 ஜூலை 6, மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸ். பள்ளி ஒன்றின் உணவகப் பொறுப்பாளர் பிலாண்டோ காஸ்டில். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை, காரை நிறுத்திய காவலரிடம் அவராகவே மரியாதையோடு சொன்னார். உரிமம் இருந்தது. கேட்டால் காட்டினால் போதும் என்பதே அந்த மாநிலச் சட்டம், கேட்குமுன்பே சொன்னார். சில வினாடிகளில் ஏழு குண்டுகள் சுடப்பட்டன. பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது.

பிளாண்ட் பணிவாகப் பேசியிருக்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. பணிவுக்குக் காஸ்டிலிடம் எந்தக் குறையும் இல்லை. ஒருவர் தன் கோபத்தைச் சொன்னார், மற்றவர் தகவலைச் சொன்னார். உண்மை இருவரையும் காக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களின் நேர்மை. காஸ்டிலிடம் பிரேக் விளக்கு எரியவில்லை என்று மட்டுமே சொன்னார் காவலர். கொள்ளையில் தேடப்படுபவர் போல இருக்கிறார் என்று வயர்லெஸ்ஸில் பேசியதைச் சொல்லவில்லை. அது சட்டப்படி குற்றமும் இல்லை. போக்குவரத்து மீறல் ஒன்று இருந்தால் போதும், உள்நோக்கம் எதுவானாலும் நிறுத்தலாம் என்று 1996இல் ரென் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிளாண்டைக் கைது செய்தவர் மீது பொய்ச் சாட்சியக் குற்றச்சாட்டே வந்தது. இனி காவல் பணிக்குத் திரும்புவதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டதால் 2017இல் அது கைவிடப்பட்டது. காஸ்டிலைச் சுட்டவரை அதே ஆண்டு நடுவர் குழு விடுவித்தது.

கலிபோர்னியாவில் 2024 ஜனவரி முதல், உயிராபத்து போன்ற விலக்குகள் தவிர, எதற்காக நிறுத்தினோம் என்று சொல்லிவிட்டுத்தான் காவலர் கேள்வி கேட்க முடியும். முதல் உண்மை சீருடையிடமிருந்து வர வேண்டும் என்று கேட்கும் அந்தச் சட்டம் மினசோட்டாவுக்கும் டெக்சாஸுக்கும் அன்றே தேவைப்பட்டது.