நான் தாண்டிப் போன ஏழு அடிகள்



மியூனிக்கில் வேலை பார்க்கும் நம் பள்ளிப் பையன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். "ஐயா, பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் சேரக்கூடாதுன்னு இந்த பவேரியாவில் 1516-லேயே சட்டம் போட்டிருக்காங்க. நம்மகிட்ட இப்படி ஏதும் உண்டா?"

சட்டம் தெரியாது, செய்முறை உண்டு என்றேன். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு விட்டு, விரலால் அலைத்துப் பிழிவார்கள். வீட்டில் ஆக்கிய நெல்கள்ளுக்கு அதே நூலில் 'தோப்பி' என்று பெயர்.

சூட்சுமம் அந்த முளையில்தான். தானியம் முளைவிடும்போது மாவைச் சர்க்கரையாக்கும் நொதி உண்டாகும். சர்க்கரை இருந்தால்தான் புளித்துக் கள்ளாகும். ஜெர்மன்காரர் பார்லியை முளைகட்டினார், நம்மவர் நெல்லை. புளிக்க வைக்கும் ஈஸ்ட்டின் பெயர் அந்தச் சட்டத்திலும் இல்லை, நம் பாட்டிலும் இல்லை.

இதை உங்களுக்கு நான் நடத்தியதே கிடையாது. அந்த ஏழு அடி வந்தால் தாண்டிவிடுவேன். என் அப்பா எப்படிப் போனார் என்று சொந்தங்களுக்குத் தெரியும். வகுப்பில் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நா எழாது.

நேற்று பசுமலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஏழையும் வாய்விட்டுப் படித்தேன்.