வால்நட் ஓட்டுக்குள் தெரியாத பசி

பெட்டியில் வைத்து வளர்த்தால் வண்ணத்துப்பூச்சி பிழைத்துக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. பறவையும் குளவியும் அண்டாத இடத்தில் வேளாவேளைக்கு இலை கிடைத்தால், வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு புழுக்கள் சிறகு விரிப்பது உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் 'பெருநீலம்' என்ற வண்ணத்துப்பூச்சியின் வரலாற்றைப் படித்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். வளர்ப்பில் கிடைத்த வெற்றியே அதன் உயிர்நாடியை அரை நூற்றாண்டுக்கு மேல் கண்ணில் படாமல் வைத்திருந்தது.

பெருநீலம் கோடையில் தைம் செடியின் மொட்டில் முட்டையிடும். புழு சில வாரம் பூவைத் தின்று தரையில் விழும். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்பது விக்டோரியா காலத்து ஆர்வலர்களுக்கு விடுகதையாகவே இருந்தது. தைம் கொடுத்து வளர்த்த புழுக்களெல்லாம் அந்தக் கட்டத்தில் செத்துப்போயின. 1915 முதல் சாப்மன், புரோஹாக், ப்யூர்ஃபாய் ஆகிய வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்களின் உழைப்பில் முடிச்சு அவிழ்ந்தது. விழுந்த புழுவைச் செவ்வெறும்பு தட்டிப் பார்க்கிறது. புழு ஒரு துளி இனிப்பைச் சுரக்கிறது. பிறகு தலைக்குப் பின்னால் உடலை உப்பிக்கொள்கிறது. உடனே எறும்பு அதைத் தன் குஞ்சென்று எண்ணிக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் இறங்குகிறது. உள்ளே போன விருந்தாளி சுமார் பத்து மாதம் எறும்பின் குஞ்சுகளையே தின்று கொழுக்கிறது. ப்யூர்ஃபாய் வால்நட் ஓட்டில் எறும்புகளைக் குடியேற்றி, அதற்குள் புழுவை வளர்த்துச் சிறகு விரிய வைத்தார். பொறுமைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

அந்த ஓட்டுக்குள் இல்லாதது பசி. தீனிக்குக் குறைவில்லாத வளர்ப்புப் புற்றில் எந்தச் செவ்வெறும்பும் புழுவைப் பொறுத்துக்கொள்ளும். அதனால் செவ்வெறும்பு இருந்தாலே போதும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். 1970-களில் ஆய்வாளர் ஜெரமி தாமஸ் புல்வெளியிலேயே தங்கிக் கணக்கெடுத்தபோதுதான் உண்மை வெளிவந்தது: காட்டுப் புற்றில், மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஒரே இனத்திடம்தான் புழு பெருமளவில் தப்புகிறது, மற்ற இனங்களின் புற்றில் பெரும்பாலும் மடிகிறது. இங்கிலாந்தின் குளிரில் அந்த எறும்புக்கு வெயில் நேராகப் படும் மண் வேண்டும், அதாவது ஒட்ட மேய்ந்த புல் வேண்டும். மேய்ச்சல் குறைந்து, 1950-களில் மிக்சோமடோசிஸ் நோயில் முயல்களும் மாண்டதும் புல் சில அங்குலம் உயர்ந்தது. தைம் இருந்தது, செவ்வெறும்பும் இருந்தது. எறும்பின் இனம் மட்டும் மாறிவிட்டது. 1979-இல் பெருநீலம் பிரிட்டனிலிருந்து அற்றுப்போனது.

வளர்ப்பு இல்லாவிட்டால் எறும்பின் பங்கே தெரிந்திருக்காதே என்று கேட்கலாம். நியாயம்தான், அந்தக் கடனை மறுக்க முடியாது. 1983-இல் பெருநீலத்தை மீட்டதும் மனிதக் கைதான் என்றும் சொல்லலாம். ஆனால் அப்போது முதலில் புல்லை மேயவிட்டு எறும்புக்கு இடம் செய்தார்கள். அதற்குப் பிறகே ஸ்வீடனின் ஓலாண்ட் தீவிலிருந்து பெருநீலத்தைக் கொண்டுவந்தார்கள். வளர்ப்பு மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்தின் உட்வால்டன் சதுப்புநிலம் சாட்சி. அங்கே 1927-இல் விடப்பட்ட டச்சு 'பெருஞ்செம்பு' வண்ணத்துப்பூச்சி, வளர்ப்பிலிருந்து திரும்பத் திரும்ப நிரப்பியும் சொந்தக் காலில் நிற்காமலே போனது. பெருநீலமோ இன்று சாமர்செட்டின் காலர்ட் குன்றில், மாடு மேய்ந்த கட்டைப் புல்லுக்கு மேல், ஜூன் மாதத்தில் தானாகவே பறக்கிறது.