மணமகள்
மணம் + மகள். பழந்தமிழில் ‘மகள்’ என்பது பெற்ற பெண்ணை மட்டும் சுட்டவில்லை. பெண், மனைவி என்றும் பொருள்பட்டது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மணமகளுக்கு வயது வரம்பு வைத்தது. மணமகள் யார் என்று சொல்லவில்லை. 2018-இல் தூத்துக்குடிக் கோயிலில் மணம் முடித்த திருநங்கைக்குப் பதிவு மறுக்கப்பட்டது. அவர் மணமகள் ஆகமாட்டார் என்பது அரசுத் தரப்பு வாதம். 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அச்சொல்லின் பொருள் உறைந்து நிற்பதல்ல, அதில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்ய உத்தரவிட்டார். அருமையான தீர்ப்பு. சென்னை சாந்தோமில் உள்ள பதிவுத்துறைத் தலைமையகம் முதல் கடைசிச் சார்பதிவாளர் மேசை வரை, சட்ட உதவி மைய வழக்கறிஞர்கள் இதைக் கையில் வைத்திருக்க வேண்டும்.