மணி திரும்பி வருமா?

போன மாசம் ஒருநாள், காலை ஓபி நேரத்தில் கீழப்பழுவூர்ல இருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். பல வருஷமாக என்னிடம் பிரஷருக்குப் பார்ப்பவர்.

"டாக்டர் தம்பி, நம்ம மணி ராத்திரி செத்துப்போச்சு. அமெரிக்காவுல இருக்குற பையன் பொதைக்க வேணாங்கறான். காதுல கொஞ்சம் தோலு எடுத்து அனுப்பினா, அதே மணியை மறுபடி உண்டாக்கித் தருவாங்களாம். நீங்க வந்து எடுத்துத் தர முடியுமா?"

மணி 13 வயது நாட்டு நாய். வீட்டுக்கார அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவருக்குத் துணை அது ஒண்ணுதான்.

நான் மனுசங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். ஆனாலும் "அதெல்லாம் நடக்காதுங்கய்யா"ன்னு சொல்லி போனை வைக்க முடியலை. ஏன்னா பையன் சொன்னது பொய் இல்லை. அமெரிக்காவில் 50,000 டாலர் கட்டினால் நாயைக் குளோன் செய்து தருகிறார்கள். நம்ம காசுக்கு 40 லட்சத்துக்கு மேல்.

அவர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: வர்றது மணியா?

அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் செய்முறை. இறந்த நாயின் தோல் செல்லில் இருந்து உட்கருவை எடுப்பார்கள். இன்னொரு பெண் நாயின் கருமுட்டையில் இருக்கும் உட்கருவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இதை வைப்பார்கள். லேசான மின்சாரம் கொடுத்து ஒட்டவைத்து, மூன்றாவதாக ஒரு நாயின் கருப்பையில் வளர விடுவார்கள். 1996-ல் ஸ்காட்லாந்தில் டாலி ஆடு பிறந்தது இப்படித்தான். 277 முட்டைகளில் முயன்று, உயிரோடு பிறந்தது அந்த ஒண்ணு மட்டும்.

டாலி செய்தி வெளிவந்த மறுவருஷமே, 1998-ல், ஜான் ஸ்பெர்லிங் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் மிஸ்ஸி என்ற நாயைக் குளோன் செய்யச் சொல்லி டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தார். நாய் வரவில்லை, பூனை வந்தது. 2001 டிசம்பரில் பிறந்த அதற்கு சிசி என்று பேர்.

இங்கேதான் வேடிக்கை. சிசியின் மூலப் பூனை ரெயின்போ, மூன்று நிறப் பூனை. சிசிக்கோ ஆரஞ்சு நிறமே இல்லை! பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம் உண்டு, அதில் ஒன்று அணைந்தே இருக்கும். எந்த செல்லில் எது அணையும் என்பது தற்செயல். ஒரே ஒரு செல்லில் இருந்து வந்த சிசியில் ஆரஞ்சுக்கான சுவிட்ச் திரும்பப் போடப்படவே இல்லை. ஜீன் அதேதான், நிறம் வேறு.

நிறம் போகட்டும், குணம்?

அதே டெக்சாஸில் சான்ஸ் என்று ஒரு காளை. குழந்தைகளை முதுகில் உட்காரவைத்துப் படம் எடுக்கும் அளவுக்குச் சாது. அது இருந்தபோதே செல் எடுத்து வைத்திருந்ததால் 1999-ல் அதன் குளோன் பிறந்தது. செகண்ட் சான்ஸ் என்று பேர் வைத்தார்கள். உரிமையாளர் 'அவனே திரும்பி வந்துட்டான்' என்று நம்பி, பழைய உரிமையோடு பக்கத்தில் போனார். முட்டித் தூக்கியது. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. மாடு வளர்த்த நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு காளையின் குணம் அதன் ரத்தத்தில் பாதி, அதை வளர்த்த கையில் மீதி.

குளோன் என்பது பல வருஷம் தள்ளிப் பிறக்கும் இரட்டை, அவ்வளவுதான். இரட்டைப் பிள்ளை பெற்ற எந்தத் தாயிடமும் கேளுங்கள், ரெண்டும் ஒண்ணா என்று.

அப்புறம் விலை. பணத்தைச் சொல்லவில்லை. 2005-ல் தென்கொரியாவில் பிறந்த ஸ்னப்பிதான் உலகின் முதல் குளோன் நாய். அதற்காக 1,095 கருக்களை 123 பெண் நாய்களுக்குள் வைத்தார்கள். கருத்தரித்தது மூன்று. பிறந்தது இரண்டு. அதில் ஒன்று 22 நாளில் நிமோனியாவில் செத்தது. இப்போது முறை தேறியிருக்கிறது. ஆனாலும் முட்டை கொடுக்கவும் சுமக்கவும் வேறு நாய்களின் உடம்புதான் வேண்டும். அவையும் யாரோ ஒருத்தருக்கு மணியாக இருந்திருக்க வேண்டியவை.

அப்போ குளோனிங்கே வீணா? இல்லை. ஹரியானா கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் 2009-ல் எருமையைக் குளோன் செய்தது. முதல் கன்று சில நாளில் இறந்தது. அடுத்து கரிமா பிறந்தது. 2010-ல் பிறந்த கரிமா-2, 2013-ல் தானே கன்று ஈன்றது. அங்கே தேவைப்பட்டது நல்ல பால் தரும் ஜீன். ஜீன் வேண்டுமென்றால் குளோனிங் அர்த்தமுள்ள வேலை. நாம் தேடுவதோ, மோட்டார் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வந்த அந்த ஒண்ணை. அந்தப் பழக்கம் எந்த செல்லிலும் இல்லை.

இதற்கு நம்ம மண்ணில் ஒரு பழைய வழி இருந்தது. பழுவேட்டரையர்கள் ஆண்ட ஊர் என்பதால் கீழப்பழுவூரில் கல்வெட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் பெரியவருக்குச் சொன்ன கல் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, சுமார் 1,400 வருஷப் பழசு. மாடு பிடிச் சண்டையில் செத்த ஒரு வீரனுக்கு எடுத்த நடுகல். அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். ரெண்டு கள்ளர்களைக் கடித்து நின்று காத்தது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

அதுவரை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அந்த நாய்க்குப் பேரு போட்டிருக்காங்களா தம்பி?"

"போட்டிருக்காங்கய்யா. கோவிவன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பையனுக்கு அவரே போன் போட்டார். "வேணாம்பா. அது வந்து என்னைப் பார்த்து யாருன்னு முழிச்சா எனக்குத் தாங்காது."

இருட்டுறதுக்குள்ள கொல்லையில் வேப்பமரத்தடியில் புதைத்தோம். போன வாரம் பிரஷர் பார்க்க வந்தார். அந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறாராம். எழுத ஆள் கிடைக்காமல், பெயிண்ட் வாங்கி அவரே எழுதினாராம்.

ரெண்டே எழுத்து.