'கூலி': ஆங்கிலத்துக்குப் போய் வசையான சொல்

ரஜினிகாந்த் நடித்த 'கூலி' 2025 ஆகஸ்டில் திரைக்கு வந்தது. படத்தின் பெயரைச் சொல்ல எந்தத் தமிழருக்கும் கூச்சம் இருக்கக் காரணமில்லை. ஆனால், அதே சொல்லை ஆங்கில வாக்கியம் ஒன்றில் வைத்து ஓர் ஆளைக் குறிப்பிட்டால் அது வசையாகிவிடுகிறது. இன்றைய ஆங்கில அகராதிகள் பலவற்றில் இந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே 'புண்படுத்தக்கூடியது' என்ற எச்சரிக்கைக் குறிப்பு உண்டு. தோட்டத்து வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்களும், தாத்தா பாட்டியின் பழைய பத்திரங்களைப் புரட்டிப் பார்க்கும் குடும்பங்களும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

தமிழில் கூலி என்பது ஆள் அல்ல, பணம். செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். அந்த ஊதியத்துக்கு உழைப்பவர் 'கூலிக்காரர்' அல்லது 'கூலியாள்'. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 619ஆம் குறளில் இந்தச் சொல் வருகிறது. உடலை வருத்தி உழைத்தவனுக்கு அந்த உழைப்பு கொடுக்கும் பலன் என்ற பொருளில் வள்ளுவர் அதை வைத்திருக்கிறார். தெய்வத்தால் முடியாத இடத்திலும் கைகொடுப்பது அந்தக் கூலி. அதில் இழிவின் சாயல்கூட கிடையாது.

ஆங்கிலத்தில் நடந்தது வேறு. சம்பளத்தின் பெயர் அதை வாங்கும் மனிதன் மேல் ஏறிக்கொண்டது. சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. தமிழ்க் 'கூலி'தான் மூலம் என்பது ஒன்று. குஜராத்தின் கோலி சமூகத்தாரின் பெயர் போர்த்துகீசியர் வழியாகப் பரவியது என்பது மற்றொன்று. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியே இந்த இரண்டையும் பேசுகிறது. கோலியிலிருந்து வந்த சொல்லோடு தமிழ்க் கூலியும் கலந்து ஒன்றாகியிருக்கலாம் என்பது பொருத்தமான விளக்கம். எப்படியிருந்தாலும், பொருளைக் கொடுத்ததில் நம் சொல்லுக்குப் பங்கு உண்டு.

பிறகு அது கப்பலேறியது. சீனர்கள் அதைத் தங்கள் எழுத்தில் 'குலி' என்று எழுதினார்கள். அந்த எழுத்துகளைத் தனித்தனியே படித்தால் 'கசப்பான உழைப்பு' என்று பொருள் வரும். ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகள்தாம், ஆனாலும் இவ்வளவு பொருத்தமாக வேறு எந்த மொழியிலும் அமையவில்லை. மலாயில் 'குலி' என்றால் கடின உடலுழைப்புச் செய்பவர். இந்தோனேசியாவில் பத்திரிகையாளர்கள் தங்களையே 'குலி திந்தா', அதாவது மைக் கூலிகள் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

தென்னாப்பிரிக்காவில் அது வேடிக்கையாக இல்லை. 1893இல் நேட்டால் போன காந்தியை அங்கிருந்த வெள்ளையர்கள் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். வியாபாரி, வழக்கறிஞர் என்ற பேதமெல்லாம் இல்லை, இந்தியர் என்றாலே கூலி. இன்னொரு பட்டப்பெயர் 'சாமி'. ராமசாமி, முனுசாமி என்ற தமிழ்ப் பெயர்களின் வாலைப் பிடித்து வைத்த பெயர் அது. அந்தச் சொல்லுக்கு 'எஜமான்' என்று பொருள் என எடுத்துச் சொல்லி மடக்கிய இந்தியர்களும் உண்டு என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த நாட்டில் 'கூலி' இன்றுவரை கொச்சையான வசைச்சொல்தான்.

மலாயாவில் அது ஆவணச் சொல்லாக இருந்தது. தோட்ட நிர்வாகம், ரயில்வே, பொதுப்பணித் துறை எங்கும் 'தமிழ்க் கூலி' என்ற வழக்கு இருந்தது. தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசையை ஆங்கிலத்தில் 'கூலி லைன்ஸ்' என்றார்கள். நம் மக்கள் அதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'லயம்' ஆக்கினார்கள். முன்பாதியை விட்டுவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கங்காணியும் ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொல்தான். ஆனால் ஆங்கிலத்தில் அது வசையாகவில்லை. தமிழில்தான் அந்தப் பெயருக்குக் கெட்ட நினைவுகள் ஒட்டிக்கொண்டன.

ஒப்பந்த முறையில் தொழிலாளர்களைத் திரட்டுவது 1910இல் நிறுத்தப்பட்டது. உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை 1938 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது. ஆள் வருவது நின்றாலும் பெயர் நிற்கவில்லை. அதை எதிர்த்து எழுந்த குரலுக்குக் கிள்ளானே சாட்சி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தில் முன்னின்றவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அதோடு, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்கடைகளை மூடவும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி தரவும், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்தவும் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படைகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். கூலி உயர்வு கேட்டவர்கள், தாங்கள் வெறும் 'கூலி' அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

1954இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது 'தொழிலாளர்' என்ற சொல் நிலைத்துவிட்டது. நாள் சம்பளம் என்ற பொருளில் 'கூலி' மட்டும் தமிழில் தன் பழைய இடத்திலேயே இருந்தது.

இனி, ஆங்கிலத்தில் எழுதும்போது என்ன செய்வது? மூத்தோரைப் பற்றி நாமே எழுதினால் 'எஸ்டேட் வர்க்கர்', 'லேபரர்' போதும். பால்வெட்டியவர் என்று தெரிந்தால் 'ரப்பர் டேப்பர்' இன்னும் நல்லது, ஏனென்றால் அது அவர் செய்த தொழிலைச் சொல்கிறது. ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர் என்றால் அதையே எழுதலாம். பழைய ஆவணத்தில் 'கூலி' என்று இருந்தால் அதை மாற்றிவிடக் கூடாது. மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டு, அது ஆவணத்தின் சொல் என்பதைத் தெரியவைக்க வேண்டும். அழித்துவிட்டால், அன்று நம்மவர்களை எப்படி அழைத்தார்கள் என்ற சான்றும் சேர்ந்து அழிந்துவிடும்.

இந்தச் சொல்லை வேண்டுமென்றே திரும்ப எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. முல்க் ராஜ் ஆனந்த் 1936இல் தம் ஆங்கில நாவலுக்கு அதையே பெயராக வைத்தார். கயானாவில் பிறந்த கயூத்ரா பகதூர், ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியைத் தேடி எழுதிய ஆங்கில நூல் 2013இல் வந்தது. 'கூலிப் பெண்' என்பது அதன் தலைப்பின் பொருள். அந்த வம்சத்தில் வந்தவர் சொல்வதும் வெளியாள் ஒருவர் சொல்வதும் ஒன்றல்ல.

எழுத்துப் பிழையிலும் ஒரு கண் வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு இன்று வழக்கமான எழுத்து சி, இரண்டு ஓ, எல், ஐ, ஈ. பழைய தோட்டப் பதிவுகளில் ஐ, ஈ இருக்க வேண்டிய இடத்தில் ஒய் மட்டும் இருக்கும், அதுவும் இதே சொல்தான். ஆனால் இரண்டு எல் போட்டு ஒய் முடித்தால் 'நிதானமாக' என்று பொருள் தரும் வேறு சொல் வந்துவிடும். உணவகப் பட்டியல்களில் இனிப்புப் பண்டத்துக்குப் பக்கத்தில் 'கூலி' என்று ஒலிக்கும் பெயர் இருந்தால் அதிர வேண்டாம். அது பழத்தைக் கூழாக்கி வடித்த பிரெஞ்சுக் குழம்பு. அதற்கும் நம் கூலிக்கும் எந்த உறவும் இல்லை.