மும்பைத் தமிழ் வகுப்பறையில் ஆங்கில வினைக்காலம்: காட்சித் துணைக்கருவிகளின் வரலாற்றை முன்வைத்து

ஆங்கில வினைக்காலத்தைப் படங்களாலும் அட்டவணைகளாலும் கற்பிக்கும் முறைக்கு இந்தியாவில் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. இவ்வரலாறு கல்வியியல் நூல்களில் பேசப்பட்டிருக்கிறது. தமிழ் இலக்கண நோக்கில் பேசப்பட்டது மிகக் குறைவு. மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ் மாணவர்களை நடுவாகக் கொண்டு அவ்வரலாற்றின் ஒரு கூற்றினை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. காட்சித் துணைக்கருவி எந்தக் காலத்தைக் காட்ட வல்லது, எதனைக் காட்ட இயலாது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

பம்பாயும் ஆங்கில இலக்கணமும்

மும்பைத் தமிழர் ஒரே தன்மையினர் அல்லர். தாராவித் தமிழர் பலரின் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள். மாட்டுங்காவில் குடியேறியோருள் பலர் எழுத்தர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் பணியாற்றியவர்கள். இவர்களுக்கு ஆங்கிலமே பிழைப்புக் கருவி. 1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதை இப்பின்னணியில் வைத்து நோக்க வேண்டும். தாராவிக் குழந்தைக்கு ஆங்கிலம் வந்து சேர்ந்த வழி வேறு. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில், தமிழோடும் மராத்தியோடும் தெருவில் கேட்கும் இந்தியோடும் கலந்து நிற்கும் மற்றொரு மொழியாகவே அது வந்தது.

இந்தியா முழுவதும் ஆங்கில இலக்கணம் என்றாலே நினைவுக்கு வரும் ரென் - மார்ட்டின் நூல் பம்பாயோடு தொடர்புடையது என்பது பலரும் அறியாத செய்தி. பி.சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர். பின்னாளில் 'போ ஜெஸ்ட்' என்னும் புதினத்தால் புகழ்பெற்றவர். இந்தியப் பள்ளிகளில் ஆங்கிலத்தை நேர்முறையில் கற்பிப்பது பற்றி அவர் தனி நூலே எழுதினார். தாய்மொழியின் இடையீடின்றிப் பொருளையும் செயலையும் காட்டி மொழியைப் புகட்டுவது நேர்முறையின் அடிப்படை. ஆயினும் 1930களில் எச். மார்ட்டினுடன் இணைந்து அவர் அளித்த இலக்கணமோ விதிகளாலும் பயிற்சிகளாலும் ஆனது. காட்சி வழியை வலியுறுத்தியவரின் பெயர், விதி வழிக்கே அடையாளமாகிவிட்டது.

விடுதலைக்குப் பின் பி.ஜி. கேர் அமைச்சரவை, பம்பாய் மாநிலத்தில் ஆங்கிலத்தை எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கும் பாடமாக்கியது. ஆங்கிலவழிப் பள்ளிகளில் சேர்வதைக் கட்டுப்படுத்திய 1954-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை அதே ஆண்டில் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. 2000-இல் மகாராட்டிர அரசு ஆங்கிலத்தை முதல் வகுப்பிலிருந்தே கட்டாயமாக்கியது. எட்டாம் வகுப்பு மாணவனுக்கு விதி சொல்லலாம். ஆறு வயதுக் குழந்தைக்குப் படமே துணை. ஆகவே இம்மாற்றத்திற்குப் பின் காட்சித் துணைக்கருவியின் பொறுப்பு பன்மடங்கு கூடியது.

கரும்பலகை கற்பித்த காலம்

1950களில் சென்னை மாநிலத்தில் அமைப்புமுறைப் பாடத்திட்டம் வேரூன்றியது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை அதில் பயிற்றுவிக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சி 'மெட்ராஸ் ஸ்னோபால்' எனப் பெயர்பெற்றது. பனி உருண்டை உருள உருளப் பெருப்பதுபோல், பயிற்சி பெற்றவர் பிறரைப் பயிற்றுவிப்பர் என்பது அதன் திட்டம். பனியே காணாத சென்னைக்கு இப்பெயர் வைத்தவர்களின் கற்பனையை மெச்சத்தான் வேண்டும்! தீக்குச்சி மனிதர் ஓவியம், மின்னட்டை, ஃபிளானல் பலகை, மாற்றீட்டு அட்டவணை ஆகியன அமைப்புமுறை ஆசிரியரின் கருவிகள்.

இம்முறையில் 'ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்' போன்ற நிகழ்காலத் தொடர்வினை முற்பட வைக்கப்பட்டது. காரணம் எளிது: கதவைத் திறந்துகொண்டே அதனைச் சொல்லலாம். சிறுவன் ஓடும் படத்தைக் காட்டி 'ஹி இஸ் ரன்னிங்' என்னலாம். ஆனால் 'ஹி ரன்ஸ் எவ்ரி டே' என்பதற்கு எப்படத்தைக் காட்டுவது? ஒரு படம் ஒரு நிகழ்வைக் காட்டும், வழக்கத்தைக் காட்டாது. 'ஐ நோ' என்பதற்கோ படமே இல்லை. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் டெய்லி' என்று நம் மாணவர் எழுதுவதைத் தாய்மொழித் தாக்கம் என்று மட்டும் ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. முதலில் புகட்டப்பட்ட 'இங்' வடிவமே நிகழ்காலத்தின் பொதுவடிவம் என மாணவர் மனத்தில் பதிந்ததில் படத்திற்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

படத்திற்கு மாற்றாக வந்தது காலக்கோடு. ஒட்டோ எஸ்பர்சன் 1924-இல் வெளியிட்ட 'இலக்கணத்தின் தத்துவம்' என்னும் நூலில் காலத்தை ஒரு கோடாகவும், நிகழ்காலத்தை அக்கோட்டைப் பிரிக்கும் புள்ளியாகவும் வரைந்தார். ஹான்ஸ் ரைஹென்பாக் 1947-இல் பேசும் நேரம், நிகழ்ச்சி நேரம், நோக்கு நேரம் என மூன்று புள்ளிகளைக் கொண்டு ஆங்கிலக் காலங்களை விளக்கினார். இன்றைய பள்ளிச் சுவர்களில் தொங்கும் பன்னிரு கட்ட அட்டவணை இத்துணை நுட்பம் உடையதன்று. வடிவங்களை அடுக்கித் தருமேயன்றிப் பொருள் வேறுபாட்டைக் காட்டாது.

செய்யும் என்னும் வாய்பாடு

இவ்விடத்தில் தமிழ் இலக்கணம் துணைநிற்கக் கூடும். மூன்று காலத்திற்கும் ஒத்த இயல்புடைய பொருளை நிகழ்காலத்துப் பொதுச்சொல்லால் கூற வேண்டும் எனத் தொல்காப்பிய வினையியல் விதிக்கிறது. அப்பொதுச்சொல் 'செய்யும்' என்னும் முற்று என்பது உரையாசிரியர் கொள்கை. 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்று இன்றும் கூறுகிறோம். ஆங்கிலம் இங்கே 'ரைசஸ்' என்னும் எளிய நிகழ்காலத்தை ஆளும்.

மேலும் நோக்கினால் வியப்பான ஒப்புமை புலப்படும். தெரியும், பிடிக்கும், வேண்டும் ஆகிய மூன்றும் 'உம்' ஈற்றன. இவற்றிற்கு நேரான ஆங்கில வினைகள் நோ, லைக், வாண்ட். இவை பொதுவாக 'இங்' ஏற்காதவை. 'எனக்குத் தெரியும்' என்னும் குழந்தை நிலைவினையையும் நிகழ்வினையையும் தன் மொழியிலேயே வேறுபடுத்தி அறிந்திருக்கிறது. கால அட்டவணைப்படி நிகழ்வதைக் கூறும்போதும் இதுவே நிலை: 'வண்டி 7.40-க்குப் புறப்படும்', 'தி ட்ரெயின் லீவ்ஸ் அட் 7.40'. மாட்டுங்கா நிலையத்து மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டத்தில் இரயில் கால அட்டவணையும் வரைபடங்களும் இடம்பெற்றன. அங்கு அவை வினைக்காலத்தை விளக்கும் கருவிகளாக அன்றி, மாணவர் சிந்தித்து விடை காணும் பணிகளாக அமைந்தன.

ஒப்புமை எங்கும் செல்லாது என்பதையும் கூறவேண்டும். 'அது நாளை வரும்' என்பதில் 'உம்' எதிர்காலத்தது. 'நேற்று வந்திருக்கிறான்' எனத் தமிழில் கூறலாம். இங்கே 'இரு' என்னும் துணைவினை, அடையாளம் கண்டு ஊகித்தமையை உணர்த்தும். 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்பதோ ஆங்கிலத்தில் வழு. 'பத்து ஆண்டுகளாகத் தாராவியில் இருக்கிறேன்' என்பதில் தமிழ் நிகழ்காலத்தோடு அமைய, ஆங்கிலம் 'ஹேவ் பீன்' வேண்டும் என்கிறது. மாணவர் இடறும் இடங்கள் இவையே. படமும் அட்டவணையும் முதலில் வரவேண்டிய இடங்களும் இவையே.

மும்பைக் குழந்தைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியில் 'கல்' என்பது நேற்றையும் நாளையையும் குறிக்கும். மராத்தியில் 'கால்' என்பது நேற்று மட்டுமே, நாளைக்கு 'உத்யா' என்னும் தனிச்சொல் உண்டு. இந்திச் சொல்லின் காலத்தை வினைமுடிபால் அறியும் பழக்கம் தாராவித் தெருவில் விளையாடும் சிறுவனுக்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. இடப்புறம் நேற்று, வலப்புறம் நாளை என்று கோடு வரையும் ஆசிரியர், வினையைக் கவனித்துக் காலம் உணரும் இப்பழக்கத்தைப் பயன்கொள்வதாகத் தெரியவில்லை.

தமிழ்வழிப் பள்ளியை விட்டு ஆங்கிலவழிக்குச் செல்லும் பெற்றோர் கூறும் முதற்காரணம் ஆங்கிலமே. மாநகராட்சித் தமிழ்வழி வகுப்புகள் சுருங்கி வருகின்றன. தொடக்க வகுப்பில் தமிழையும் ஆங்கிலத்தையும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் கற்பிக்கிறார். 'தெரியும்' என்பதையும் 'நோ' என்பதையும் ஒரே கரும்பலகையில் அருகருகே எழுத வாய்ப்புடையவர் அவர் ஒருவரே. அவருக்கு வழங்கப்படும் சுவர் அட்டைகளோ தமிழை முற்றிலும் விலக்கியே அச்சிடப்படுகின்றன. நேர்முறை விதித்த அத்தடை இன்னும் நீங்கவில்லை. 'உம்' ஈற்று வினைகளை ஒரு நிறத்திலும் 'கிறு' இடைநிலை வினைகளை வேறு நிறத்திலும் காட்டி, எதிரே ஆங்கில வடிவங்களை நிறுத்தும் ஓர் அட்டையை உருவாக்கத் தமிழ்த்துறைகள் முன்வரலாம். அதற்குத் தேவையான இலக்கணப் பயிற்சி ஆங்கிலத் துறைகளைக் காட்டிலும் நம் துறைகளிலேயே மிகுதியாக உள்ளது.