நெட்டையர் வீட்டுக்குப் பழைய சொகுசுக் கார்



கெடாத் தோட்டங்களில் அக்காலத்தில் கார் என்றால் துரையின் கார்தான். பீடோங் வட்டாரத்தில் பால் வெட்டிய என் தந்தையார் மிதிவண்டியோடு நிறைவு கண்டார். 1985இல் அறிமுகமான புரோட்டோன் சாகாவே எங்கள் குடும்பத்தின் முதல் கார். மிட்சுபிஷி லான்சரை அடியொற்றிய அதன் முன்பின் சக்கர இடைவெளி 2.38 மீட்டரே. ஆறடி கடந்த என் புதல்வர்களுக்கு முழங்கால் முன்னிருக்கையில் முட்டியது.

ஆகவே சுங்கைப்பட்டாணியில் இரண்டு பழைய கார்களைப் பார்த்தோம். 1976 முதல் 1986 வரை விற்பனைக்கு வந்த மெர்சிடிஸ் 123இன் இடைவெளி ஏறத்தாழ 2.8 மீட்டர். 1974 முதல் 1993 வரை உருவான வோல்வோ 240க்கு 2.65 மீட்டர். வோல்வோவுக்கு ஷா ஆலத்தில் 1967 முதலே பொருத்தும் ஆலை உண்டு.

அளவுப்படி மெர்சிடிஸே வெல்ல வேண்டும். ஆனால் நாங்கள் கண்ட வண்டியின் கூரையில் திறப்பு இருந்தது. அந்தப் பொறியமைப்பு தலைக்குரிய இடத்தைத் தின்றுவிடும். மூத்தவன் தலை இடித்தது. வோல்வோவோ பெட்டிபோல் நிமிர்ந்த கூரை உடையது. அழகில்லை என்பார்கள், இருக்கட்டுமே. முன்னிருக்கையை முழுதும் பின்தள்ளி மூத்தவனை அமர்த்தி, இளையவனை அவன் பின்னால் அமரச் செய்தேன். இளையவன் முழங்காலுக்கு முன்னே என் உள்ளங்கை நுழைந்தது. அடித்தட்டில் துரு இல்லை என்று உறுதி செய்தபின் வோல்வோவையே வாங்கினோம்.